சாவி விழுந்த சூப்பு

அன்புள்ள தங்கை சத்துர்னினா,

உனக்கும் பிள்ளைகளுக்கும் மலைச்சாமி துணை. முட்டிவலி தவிர எனக்கு ஒரு குறையுமில்லை.

நான் சமைத்துப்போடும் வெள்ளைக்காரர்கள் மலையுச்சியில் துளைபோட்டு, பனிக்கட்டியை உருவிப் பெட்டியில் பூட்டுகிறார்கள். ஆள் கொழுப்பைத் திருடும் வெள்ளைக்காரன் வருவான் என்று பிள்ளைகளைப் பயமுறுத்துவாயே, அந்தக் கூட்டம்தான் மலைச்சாமியின் கொழுப்பையே எடுக்கிறது என்று நினைத்துப் பெட்டிச் சாவியை ஒளிக்கச் சூப்பில் போட்டுவிட்டேன்.

கிண்ணத்தில் சாவியைக் கண்ட அவர்கள் தலைவி சிரித்தாள். “என்னய்யா இலாரியோ, ஆண்டிஸ் பனி உருகித்தான் கீழ ஆறே ஓடுது. மொத்தமும் தீர்றதுக்குள்ள ஆராய்ச்சிக்குக் கொஞ்சம் எடுத்துவைக்கிறோம்.”

இப்போது என் சந்தேகம் உன்மேல். உறைபனியில் போட்டுக் காயவைக்கும் உருளைக்கிழங்கை இந்த வருடம் நீ அனுப்பவே இல்லை. கேட்டால் கழுதை நொண்டுகிறது என்கிறாய். இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் லாரிக்காரன் அவசரப்படுத்துகிறான். மறைக்காமல் எழுது: நொண்டுவது கழுதையா, நம் ஊர்க் குளிரா?

இலாரியோ