நாற்பத்தொரு வருஷம் நான் விழுங்கிய வரி

என் மகன் வஸ்ஃபிக்கு,

ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் உன் தங்கை எஸ்தேரும் எருமையும் சுகம், என் முழங்கால் மட்டும் சுகமில்லை, அது சுகமாக இருந்தால்தான் ஆச்சரியம். கடல் தாண்டி இருக்கிற உன்னையும் அவர் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். நான் சொல்லச் சொல்ல எஸ்தேர் எழுதுகிறாள், நடுநடுவே சிரிக்கிறாள், அதை எழுதாதே என்று சொல்லியிருக்கிறேன்.

போன மாதம் நீ போனில் சொன்னதை மறக்கவில்லை. முதியோர் இல்லத்தில் நாள் முழுக்கக் கிழவர்களைத் தூக்கிக் குளிப்பாட்டும்போது முன்பெல்லாம் வாய்க்குள் வேதாகமச் சங்கீதம் சொல்வாயாம், இப்போது விட்டுவிட்டாயாம், கோயிலுக்கும் போவதில்லையாம், "சுவரோட பேசுற மாதிரி இருக்குப்பா" என்றாய். எனக்குக் கோபம் வரவில்லை மகனே. உன் அம்மா போன பிறகு எனக்கும் அப்படித்தான் இருந்தது, வாய்விட்டுச் சொல்லத்தான் தைரியமில்லை. அப்போதுதான் ஒரு யோசனை வந்தது. பீடத்தில் படைக்கிற காணிக்கை அப்பத்துக்கு மாவு பிசைகிறவன் சங்கீதம் சொல்லிக்கொண்டே பிசைய வேண்டும் என்பது என் தாத்தா காலத்து ஒழுங்கு. சொல்லாவிட்டால் என்னதான் ஆகும்? பார்த்துவிடுவோமே என்று தோன்றியது. மூன்று வாரம், புதன் வெள்ளி ஞாயிறு என்று ஒன்பது தடவை, கோயில் அப்ப அறையில் ஊமையாகப் பிசைந்தேன். மாவு எப்போதும்போல் பொங்கியது. ஒரு வெள்ளிக்கிழமை முன்னைவிட நன்றாகவே பொங்கியது, அதுதான் என்னை உறுத்தியது. நம் பாதிரியார் அபூனா யூஸாப் அப்பங்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, பீடத்துக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு போனார். திருடியும் பிடிபடாதவன்போல நின்றேன். நாற்பத்தொரு வருஷமாகப் பிசைந்தபடி சொன்னதெல்லாம் எங்கே போனது என்று தெரிந்துகொள்ள ஆசையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. அடுத்த ஞாயிறு அப்பத்தைச் சுட்டுக் கொடுத்துவிட்டு, அறைச் சாவியையும் அபூனாவிடம் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

அந்த ஞாயிறு விடியுமுன் மாவில் கை வைத்தேன், பின்சுவரில் தடியால் யாரோ டொம்டொம் என்று அடித்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் உம்மு ஃபஹீம் வீடு, உனக்குத் தெரியும். இடுப்பெலும்பு முறிந்து இரண்டு வருஷமாகப் படுக்கையில் இருக்கிறாள். புகை போகும் ஓட்டை வழியாக அவள் குரல் வந்தது. "டேய் கலாதா, செத்துட்டியா? செத்திருந்தா மணி அடிச்சிருப்பாங்களே!" உயிரோடுதான் இருக்கிறேன் அக்கா என்றேன். "அப்ப வாய்க்கு என்ன வந்துச்சு? உன் சத்தத்தை வச்சுத்தான் எனக்குப் புதன் எது ஞாயிறு எதுன்னு தெரியும். மூணு வாரமா நாள் கெழம தெரியாம கெடக்கேன். நீ நிறுத்துனதும் என் ஜெபமும் நின்னு போச்சு" என்றாள். மனசு அலுத்துவிட்டது அக்கா, சொல்லாமலே மாவு பொங்குகிறது, சோதித்துப் பார்த்துவிட்டேன் என்றேன். அதற்கு அந்தக் கிழவி சிரித்த சிரிப்பு! "புளிச்ச மாவைப் போட்டா பொங்காம அழுவுமா? இதைக் கண்டுபிடிக்க உனக்கு மூணு வாரமாச்சா? மாவைப் பத்தி யாருடா கேட்டா? அலுப்பா இருந்தா அலுப்பாவே சொல்லு, நான் என்ன கல்யாணப் பாட்டா கேக்குறேன்?"

இன்னொன்றும் சொன்னாள். பிசைந்த மாவைத் தொட்டியிலிருந்து தூக்கும் இடத்தில் நான் எப்போதும் ஒரு வரியை விழுங்கிவிடுவேனாம். "கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து அந்த வரியை இங்கேருந்து நான்தான் சொல்றேன்" என்றாள். மறதியே இல்லாதவன் என்று ஊரில் பேர் வாங்கிய எனக்கு எவ்வளவு சுருக்கென்றிருக்கும்! பிறகு வீட்டில் எஸ்தேரைச் சங்கீதப் புத்தகத்தைப் பிரித்துப் படிக்கச் சொல்லி, நான் சொல்வதோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். கிழவி சொன்னது சரி, ஒரு வரி முழுசாக என் வாயில் இல்லை. நாற்பத்தொரு வருஷம்! என் ஜெபத்தில் ஓட்டை இருந்ததும் தெரியாது, யாரோ அதை அடைத்துக்கொண்டிருந்ததும் தெரியாது.

அந்த ஞாயிறே, கிழவி கேட்டபடி சங்கீதம் சொன்னேன். குரல் கரகரத்தது, மனசு எங்கோ இருந்தது, ஆனாலும் சொன்னேன். தொட்டியிலிருந்து மாவைத் தூக்கும்போது வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டேன், வருகிறதா பார்ப்போம் என்று. ஓட்டை வழியாக அந்த வரி வந்தது. அலுப்பு போய்விட்டது என்று உனக்குப் பொய் எழுதமாட்டேன், போகவில்லை. சாவி மட்டும் இன்னும் என் இடுப்பில்தான் இருக்கிறது.

நோன்பு நாளில் அங்கே ஃபூல் பயறு கிடைக்கிறதா? உன் மணிக்கட்டில் பச்சை குத்தியிருக்கிற சிலுவையைப் பார்த்து யாராவது என்னவென்று கேட்டார்களா? குளிருக்குக் கம்பளிப் பனியன் போடு, வெறும் வயிற்றில் காப்பி குடிக்காதே. உன் கைக்கும் காலுக்கும் பலம் கிடைக்கட்டும், உன் வாசலில் சமாதானம் இருக்கட்டும், உன் அம்மா கேட்ட ஆசீர்வாதமெல்லாம் உன்மேல் இறங்கட்டும்.

ஒன்று மட்டும் மறக்காமல் செய். நீ குளிப்பாட்டுகிற கிழவர்களில் யாருக்குக் காது கேட்கும் என்று பார். நீ முணுமுணுப்பதை நிறுத்திய பிறகு யாராவது தேடினார்களா என்று விசாரித்து எழுது. எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

சொன்னது உன் அப்பா கலாதா
எழுதியது எஸ்தேர்