நாற்பத்தெட்டுப் பல்

மார்ச் 5
அசிங்கத்தை முதலில் எழுதிவிடுகிறேன். இருபத்திரண்டு வருடமாகப் பல்சக்கரம் வெட்டுகிறவன், இன்று ஒரு பொக்கைவாயை வெட்டினேன்.

சாய்ந்த பல். ஹாபிங் மெஷினில், பல் வெட்டும் திருகுக்கத்தியான ஹாப்பின் தலையைப் பதினேழே முக்கால் டிகிரிக்குச் சாய்த்தேன். பல்லின் சாய்வு இருபது, ஹாப்பின் சொந்தச் சாய்வு இரண்டேகால், இரண்டும் வலப்பக்கம் என்பதால் கழித்தல். கணக்கில் குற்றமில்லை. ஆனால் ஹாப் இறங்க இறங்க, மேஜை கூடவே கொஞ்சம் அதிகம் சுழல வேண்டும். அந்தக் கூடுதல் சுழற்சியைக் கொண்டுபோகும் பல்சக்கர வரிசையில் நடுச்சக்கரத்தையே காணோம்! பக்க மூடியைத் திறந்து, கையால் சுற்றிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. வெட்டிய பல்லை ஹாப்பே தின்றுவிட்டது.

நேற்று என் ஷிப்டில் நடுச்சக்கரம் இருந்தது; நானே கழற்றித் துடைத்தேன். எனக்குப் பின் வந்த ஷிப்ட் என் சகலையுடையது. நேர்ப்பல்தான் வெட்டினான்; அதற்கு அந்தச் சக்கரம் தேவையே இல்லை, ஒளித்து வைத்தாலும் அவன் வேலை நிற்காது. பின் யார் எடுத்தது, பேயா?

மார்ச் 6
பொக்கைச் சக்கரத்தை என் லாக்கரில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறான். “என்ன சகல, பல்லெல்லாம் கொட்டிப்போச்சே! இது பொறந்த புள்ளையா, கெழவனா?” மேனேஜரும் சிரித்தார். அடுத்த மாதம் புது மெஷின் வருகிறது. அதற்குத் தலைமை செட்டர் எங்கள் இருவரில் ஒருவர்.

மாலையில் மைத்துனி போன் செய்து என் மனைவியிடம் நலம் விசாரித்தாளாம். என் பற்களின் நலம்.

மார்ச் 9
சிரிடா, சிரி.

மார்ச் 12
மேனேஜரிடம் சொன்னேன். “எடுத்தவன் அவன்தான் சார்.” “சாட்சி இருக்கா?” என்றார். சாட்சியாம். வீட்டுக்கு வந்து மனைவியிடம் எரிந்து விழக்கூட வழியில்லை. பால்கனிக் கதவு படார் படாரென்று அடிக்கும், அதைச் சொல்லிக் கத்தலாம் என்றால் அதுவும் இப்போது அடிப்பதில்லை. எதையோ முட்டுக் கொடுத்துவிட்டாளாம்.

மார்ச் 16
ஞாயிறு ஷிப்ட். ஆளில்லை. பழைய தண்டுத்துண்டில் நாற்பத்தெட்டுப் பல் வெட்டினேன். நேர்ப்பல், அச்சு அசல் நடுச்சக்கரம். புதிது என்று தெரியாமலிருக்க எண்ணெயும் தூசியும் தேய்த்தேன். அவன் கருவிப்பெட்டியில், அழுக்குத்துணிக்கு அடியில் வைத்தேன்.

பாவமா? திருடன் அவன்தான், சாட்சி மட்டும்தான் என் தயாரிப்பு.

மார்ச் 18
நான் மேனேஜர் காதில் போட்டதும் அவன் பெட்டியைத் திறந்தார்கள். அவன் முகம் வெளிறிப்போனது. நான்கூட இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. “சத்தியமா நான் எடுக்கல சார்! சகல, நீங்களாவது சொல்லுங்க!”

நான் என்ன சொல்ல? லாக்கரில் தொங்கிய பொக்கைச் சக்கரத்தை அவிழ்த்து அவன் கையில் கொடுத்தேன். “பல்லு மொளைச்சா சொல்லி அனுப்புங்க சகல.” ஷெட்டே சிரித்தது. இனித்தது. ஆமாம், இனித்தது!

மார்ச் 19
புது மெஷின் எனக்கு. அவனுக்கு, பிசிறு ராவும் மேஜை.

மார்ச் 22
மைத்துனி போன் செய்யவில்லை. மனைவியும் பேசவில்லை. திருடனுக்குப் பரிந்து ஒரு குடும்பமே மௌன விரதம்! நான் மட்டும் வீட்டில் சத்தமாகப் பாடிக்கொண்டு திரிகிறேன்.

மார்ச் 25
பால்கனியில் காலில் எதுவோ இடித்தது. கதவுக்கு முட்டுக் கொடுத்த சாமான். கையில் எடுத்தேன். எண்ணினேன். மறுபடி எண்ணினேன்.

“இது எங்கேருந்து வந்துச்சு?”

பத்து நாளைக்குப் பிறகு — இல்லை, மூன்று நாளைக்குப் பிறகு, எனக்குப் பத்தாகத் தோன்றுகிறது — அவள் வாய் திறந்தாள்.

“உங்க சாப்பாட்டுப் பையிலேருந்துதான். எண்ணெய்த் துணியில சுத்திக் கெடந்துச்சு. அன்னிக்கு நாலாந்தேதி, வந்ததும் வராததுமா எங்க அத்தானைப் பத்தி வாய் ஓயாம பேசிட்டிருந்தீங்க. நானும் ரெண்டு தடவ கேட்டேன், இது என்னன்னு.”