சூடம் அணைத்த கை

ஜூலை 8, திங்கள்

மாட்டுக்குப் புல் போட்டேன். வீட்டுக்காரருக்கு இட்லி ஊட்டினேன். மாடாவது திரும்பிப் பார்க்கிறது.

பக்கவாதம் வந்து நாலு மாதம். வலது கையும் காலும் விழுந்தன, பேச்சும் போனது. கால் கொஞ்சம் தேறியிருக்கிறது. ஆள்தான் தேறவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்தவர் படுத்தவர்தான். இப்போது சாப்பாட்டுக்கும் வாயை இறுக்கி மூடிக்கொள்கிறார்.

ஜூலை 9, செவ்வாய்

வில்லியனூரில் சிகிச்சை. சுவேதா என்று ஒரு பெண் வந்திருக்கிறாள். விளையாட்டு, பாட்டு என்று நோயாளிகளைத் தேற்றுவதுதான் அவள் வேலையாம். அந்தக் காலத்தில் சண்டையில் அடிபட்ட சிப்பாய்களுக்கே ஆஸ்பத்திரியில் ஆட்டம் வைத்துத்தான் மனசைத் திருப்பினார்களாம்.

அவர் ஆசையாகச் செய்வது என்ன என்று கேட்டாள். கரும்பு வேலை என்றேன். "அது வேலம்மா. ஆசையா இன்னா செய்வாரு?"

இருபத்து நாலு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன், தெரியாதா எனக்கு? சொல்லத்தான் பிடிக்கவில்லை. கடைசியில் சொன்னேன், சீட்டு.

அவளுக்கு ஒரே சந்தோஷம். பிடிக்க, அடுக்க, ஞாபகம் வைக்க, நாலு பேரோடு உட்கார, எல்லாம் அதில் இருக்கிறதாம். தினமும் நடப்பதை எழுதச் சொன்னாள்.

அந்தச் சீட்டோடு நான் போட்ட சண்டை எனக்குத்தான் தெரியும். அர்ச்சனா ஜுரத்தில் கிடந்த அன்றும் மனுஷன் பம்புசெட்டில் ஆடிக்கொண்டிருந்தார். மறுநாளே ஐயனார் கோயிலுக்கு இழுத்துப்போனேன். இடது கையைப் பொண்ணு தலையில் வைக்கச் சொல்லி, வலது கையால் சூடத்தை அணைக்க வைத்தேன். இனிமேல் சீட்டைத் தொடமாட்டேன் என்று சத்தியம். பதினோரு வருஷம் ஆகிறது.

ஜூலை 12, வெள்ளி

புதுச் சீட்டுக்கட்டு வாங்கி மடியில் வைத்தேன். இடது கையால் தள்ளிவிட்டார். கட்டிலுக்கு அடியெல்லாம் சீட்டு.

ஜூலை 15, திங்கள்

தினமும் இதே கதை. இன்று கஞ்சியும் வேண்டாமாம். இப்படியே போனால் மூக்கில் குழாய் போட வேண்டும் என்கிறார் டாக்டர்.

எதிர் வீட்டு புவனேஸ்வரி வந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: "சூடம் அணைச்ச கையாச்சே. தொட்டிருப்பாரு, அதான் கையே பூடுச்சி."

பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. அவர் முகத்துக்கு நேராகப் போய்க் கேட்டேன். "ஒளிஞ்சி ஆடினியா? சொல்லு, ஆடினியா?" பேச முடியாத மனுஷன்கிட்ட சொல்லு, சொல்லுன்னு நிக்கிறேன். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது. அதையும் ஒத்துக்கொண்டதாகத்தான் எடுத்துக்கொண்டேன். நான்லாம் ஒரு பொம்பளையா?

ஜூலை 17, புதன்

மனசு கேட்கவில்லை. கண்ணையன் வீட்டுக்குப் போனேன். அவரோடு சீட்டாடியவர். இத்தனை வருஷமாக நான் முகம் கொடுத்துப் பேசியதில்லை.

"தெனம் வருவான்மா," என்றார். "ரெண்டு கையும் முதுகுக்குப் பின்னால கட்டிக்கினு நின்னு பாப்பான். கீழ வுழுந்த சீட்டக்கூட எடுத்துத் தரமாட்டான். எம்பொண்ணு தலை மேல சத்தியம்பான்."

வழியெல்லாம் அழுதேன். சீட்டை வெறுப்பில் தள்ளிவிடவில்லை. இந்த நிலையிலும் பொண்ணைக் காப்பாற்றிக்கொண்டு கிடக்கிறார். நான்தான் பாவி.

ஜூலை 21, ஞாயிறு

அர்ச்சனாவைச் சென்னையிலிருந்து வரவழைத்தேன். மூன்று பேரும் ஆட்டோவில் ஐயனார் கோயிலுக்குப் போனோம். சத்தியத்தைத் திருப்பித் தர என்ன முறை என்று பூசாரிக்கே தெரியவில்லை. நானே செய்தேன். அவள் தலையில் ஒரு கையை வைத்து, எரிகிற சூடத்தை மறு கையால் அணைத்தேன். நான் வாங்கிய சத்தியம், நானே எடுத்துக்கொள்கிறேன், எது வந்தாலும் எனக்கே வரட்டும் என்றேன்.

அர்ச்சனா அவர் இடது கையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். "எனக்கு ஒண்ணும் ஆவாதுப்பா."

அவர் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு உள்ளங்கையில் கொப்புளம்.

ஜூலை 22, திங்கள்

கட்டு அப்படியே கிடக்கிறது.

ஜூலை 25, வியாழன்

இரண்டு வாய் கஞ்சி. அதற்கு மேல் இல்லை. திங்கட்கிழமை குழாய் போடக் கூட்டிவரச் சொல்லிவிட்டார்கள். இன்னும் என்னதான் செய்வது? ஐயனாரே, என்னதான் செய்வது?

ஜூலை 28, ஞாயிறு

மத்தியானம் கண்ணையன் இரண்டு பேரோடு வந்தார். இவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கட்டிலை ஒட்டிப் பாயை விரித்து, அவர்கள் பாட்டுக்கு ஆட உட்கார்ந்தார்கள். நாலாவது கைக்கும் சீட்டைப் போட்டார் கண்ணையன். அது எடுக்க ஆளில்லாமல் கிடந்தது.

மூன்றாவது ஆட்டத்தில் இவர் சுவரிலிருந்து திரும்பினார். இடது கை நீண்டது.

தூக்கி உட்கார வைத்தோம். ஒரு கையால் சீட்டுகளைப் பிடிக்க முடியாமல் எல்லாம் நழுவின. பின்னால் உட்கார்ந்து நான் பிடித்துக்கொண்டேன். அவர் விரலால் காட்டினார், நான் போட்டேன். நடுநடுவே கஞ்சியை வாயில் வைத்தேன். ஆட்ட மும்முரத்தில் கிண்ணத்தையே காலி பண்ணிவிட்டார்.

சீட்டில் எது ராணி, எது ராஜா என்றே எனக்குத் தெரியாது. ஒரு தடவை தப்பானதைப் போட்டுவிட்டேன்.

"ஏய். அறிவிருக்கா?"

எல்லோரும் நிமிர்ந்து அவரைப் பார்த்தோம். நாலு மாதத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு.

அடுத்த தடவை வேண்டுமென்றே தப்பாகப் போட்டேன்.