ஏரி நடுவில் ஒரு கை தண்ணீர்

உன் துணிப்பை மூன்று நாளாக என் வீட்டுக் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. உன் மகள் கொண்டுவந்து, "அம்மாவுது அத்த, உங்ககிட்ட இருந்தாதான் சரி" என்று மாட்டிவிட்டுப் போனாள். இன்று காலையில்தான் அதைத் திறக்கத் தைரியம் வந்தது. மெழுகுவத்தியும் கருவாடும் கலந்த வாசம் முகத்தில் அடித்தது. உள்ளே தீர்த்தப் புட்டி, தீப்பெட்டி, ஒரு மணி உதிர்ந்த ஜெபமாலை. நம் தெரு வீடுகள் சேர்ந்த அன்பியத்தில் யாருக்கு நோய், எங்கே சாவு என்றாலும் இந்தப் பையை மாட்டிக்கொண்டு நீ முன்னால் போவாய். பத்தடி பின்னால் நான் வருவேன். பிணத்தைக் கண்டால் எனக்குப் பயம், ஏரியைக் கண்டால் பயம், ஆஸ்பத்திரி வாசனைக்கே பயம். மீன்காரி பெற்ற பிள்ளை படகில் ஏறப் பயப்படுவதை இந்தக் கோயில் பங்கிலேயே உன்னிடம்தான் பார்க்கிறேன் என்று என்னைப் பார்த்துச் சிரிப்பாய். பிறகு, "பயந்துக்கினே வா. வராம மட்டும் இருந்துடாத" என்பாய்.

இந்த வாரம் பயந்ததுபோல் நான் என்றைக்கும் பயந்ததில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

செலினை உனக்கு ஞாபகப்படுத்தவே வேண்டாம். அவளுக்கு இப்போது எட்டு வயது. அவள் பிறந்த கொஞ்ச நாளிலேயே அப்பன் வேலை பார்த்த மீஞ்சூருக்குக் குடும்பத்தோடு போய்விட்டார்கள். வந்து ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயரை எழுதிவிட்டுப் போங்கள் என்று நீயும் போன் போட்டுப் போட்டு அலுத்துப்போனாய். இப்போது திரும்பி வந்திருக்கிறார்கள். நாளை மற்றப் பிள்ளைகளோடு அவளுக்கும் புதுநன்மை, முதல் நற்கருணை. செவ்வாய்க்கிழமை புது ஃபாதர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். பதிவேட்டில் பிள்ளையின் பெயர் இல்லை, தண்ணீர் ஊற்றியது நீங்கள்தான் என்று ஊரே சொல்கிறது, எப்படிக் கொடுத்தீர்கள் என்பதை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் என்றார். பேனாவை வாங்கினேன். கண்ணாடி எடுத்துவரவில்லை என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன். கண்ணாடி என் மூக்கின் மேல்தான் இருந்தது.

நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே தெரியாது. எட்டு வருஷமாகத் தெரியாது.

அது அக்டோபர், ஜெபமாலை மாதம். வீட்டு ஜெபத்துக்கு என்னை அக்கரைக்கு இழுத்துப்போயிருந்தாய். ஜெபம் முடிவதற்குள் அந்த வீட்டுப் பெண்ணுக்கு வலி வந்துவிட்டது. நாள் ஒன்றரை மாதம் பாக்கி இருந்தது. பிள்ளை பிறந்தும் தாய்க்கு இரத்தம் நிற்கவில்லை. இரண்டு உயிரையும் தேசப்பன் படகில் ஏற்றிக்கொண்டு பழவேற்காட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். தேசப்பன் நம் கோயில்காரர் இல்லை. கடலோரக் குப்பத்தில் அம்மனைக் கும்பிடுகிறவர். ஆபத்து என்றால் யார் எவர் என்று கேட்காமல் எஞ்சினைக் கிளப்புவார்.

ஏரி நடுவில் பிள்ளை நீலம் பாரித்துப்போனது. தாய் கண்ணைத் திறக்காமலே, "தண்ணி ஊத்திடுங்கக்கா. செலின்னு பேரு" என்றாள். அதோடு அவளுக்கு நினைவு தப்பியது. பிள்ளை உன் மடியில் இருந்தது. நீ என்னைப் பார்த்து, "நீ ஊத்து" என்றாய்.

உயிர் போகும் ஆபத்தில் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம், ஆனால் தண்ணீர் ஊற்றுகிறவரேதான் வார்த்தைகளையும் சொல்ல வேண்டும், ஒருவர் ஊற்றி மற்றவர் சொன்னால் செல்லாது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஞானோபதேசப் பிள்ளைகளுக்கு நீ இதைச் சொல்லிக் கொடுக்கும்போது, கோயிலைப் பெருக்கிக்கொண்டிருந்த என் காதிலும் விழும். எல்லாம் எனக்குத் தெரியும். படகு ஆடியது. குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளினேன். பாதி விரலிடுக்கில் ஒழுகிவிட்டது. மிச்சம் அந்தச் சின்னத் தலையில் விழுந்தது நிச்சயம். பிறகு வார்த்தைகள் என் காதில் கேட்டன. கொஞ்ச நேரத்தில் பிள்ளை வீறிட்டு அழுதது. என் குரலை மட்டும் நான் கேட்ட ஞாபகம் இல்லை.

கரையேறியதும் உன்னைத்தான் கேட்டேன், நான் சரியாகச் சொன்னேனா என்று. நீ நனைந்த முந்தானையைப் பிழிந்துகொண்டே, "புள்ள ஞானஸ்நானம் வாங்கிச்சு. அது போதும் உனக்கு" என்றாய். நம்பினால் நிம்மதி என்பதால் நம்பினேன். அதற்குப் பிறகு ஊரில் என் பெயரே தண்ணீர் ஊற்றின அக்கா என்றானது. சாகக் கிடக்கிறவர்கள் வீட்டிலிருந்து என்னையும் கேட்டு ஆள் வந்தது. போன தவக்காலத்தில் நீ கண்ணை மூடுகிறவரைக்கும் ஏழு வருஷம், ஒரு வீடு விடாமல் உன்னோடு வந்தேன்.

செவ்வாய்க்கிழமையிலிருந்து அந்த ஒரு கை தண்ணீர் என் நெஞ்சில் நின்றுகொண்டு இறங்கவில்லை. தண்ணீர் என்னுடையது, வார்த்தை உன்னுடையது என்றால் பிள்ளை ஒன்றுமே வாங்கவில்லை. ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டியில் அவள் இழுத்துக்கொண்டு கிடந்த நாட்களில் ஞானஸ்நானம் இல்லாமலே செத்திருந்தால்? சோற்றில் கை வைத்தால் அந்த நீல முகம் வந்தது. உன்னைக் கேட்கலாம் என்றால் நீ கல்லறைத் தோட்டத்தில் நிம்மதியாகப் படுத்திருக்கிறாய். உன் மேல் எனக்கு வந்த கோபத்தை எழுதினால் இந்தக் காகிதம் பற்றிக்கொள்ளும்.

வியாழக்கிழமை ஃபாதரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் திட்டவில்லை. சந்தேகம் தீராவிட்டால் நானே மறுபடி ஊற்றிவிடுகிறேன், பயப்படாதீர்கள் என்றார். பிறகு படகை ஓட்டியது யார் என்று கேட்டார். அவர் நம்மவர் இல்லையே ஃபாதர் என்றேன். "அவருக்குக் கண் இருக்கிறது அல்லவா?" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இத்தனை வருஷத்தில் அந்த மனிதரைக் கேட்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

தேசப்பன் படகுத்துறையில் வலையைத் தைத்துக்கொண்டிருந்தார். கேட்பதற்கு முன் என் ஜெபமாலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் வாயிலிருந்து ஒன்று வந்துவிட்டால் அதற்குப் பிறகு தெரியாது என்று சொல்லிக்கொள்ள முடியாது. அவர் ஊசியைக் கீழே வைத்தார்.

"நீ ஊத்தனக்கா. கண்ண இறுக்கி மூடிக்கின. வாயி தொறக்கவே இல்ல."

அங்கேயே வலைக் குவியல் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"இரு, முழுசா கேளு. அந்தம்மா உன்னயே பாத்துக்கினு இருந்தாங்க. நீ சொல்லலன்னதும் எஞ்சின நிறுத்துன்னாங்க. ஒரு கையில புள்ளய புடிச்சிக்கினு, இன்னொரு கையால தண்ணி அள்ளி, மூணு வாட்டி ஊத்திக்கினே அவங்களே சொன்னாங்க. செலின், நான் உனக்கு ஞானஸ்நானம் குடுக்கறேன், பிதா, சுதன், பரிசுத்த ஆவி பேரால."

ஓர் எழுத்து பிசகவில்லை. எப்படி ஞாபகம் என்று கேட்டேன். நன்றாகப் பார்த்து வைத்துக்கொள், ஒருநாள் கேட்பார்கள் என்று அன்றைக்கே நீ சொல்லி வைத்தாயாமே. பிறகு தயங்கித் தயங்கி இன்னொன்றையும் சொன்னார். நான் தாயைத் தாங்கிப் பிடித்து இறங்கிக்கொண்டிருந்தபோது நீ அவரிடம் சொன்னது. "அவகிட்ட சொல்லாத தேசப்பா. தெரிஞ்சா இனிமே எங்கயும் வரமாட்டா."

நீ சொன்னது சரிதான். தெரிந்திருந்தால் வந்திருக்கமாட்டேன். அந்தப் படகோடு முடிந்திருக்கும். வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, எல்லாருக்காகவும் ஜெபிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்திருப்பேன். துறையில் ஆட்கள் பார்க்கிறார்கள் என்றுகூட நினைக்காமல் அழுதேன். தேசப்பன் பாவம், டீ வாங்கிவரப் போய்விட்டார்.

நேற்று அவரே கோயிலுக்கு வந்து ஃபாதரிடம் நடந்ததைச் சொன்னார். பதிவேட்டில் கொடுத்தவர் என்ற இடத்தில் உன் பெயர். சாட்சி என்ற இடத்தில் தேசப்பன் கையெழுத்து. அந்தப் பக்கத்தில் எனக்கு இடமே இல்லை. கண்ணை மூடிக்கொண்டவள் எதற்குச் சாட்சி சொல்வாள்? செலினின் அம்மாவிடமும் இன்று போய்ச் சொல்லிவிட்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, நாளை எங்கள் பெஞ்சிலேயே உட்காருங்கள் அக்கா என்றாள்.

நாளை பூசை முடிந்ததும் அக்கரைக்குப் போக வேண்டும். அங்கே ஒரு கிழவருக்கு மூச்சு வாங்குகிறதாம், யாராவது வந்து பக்கத்தில் ஜெபிக்கக் கேட்டிருக்கிறார்கள். காற்று சரியில்லை. முன்னால் போக நீ இல்லை. உன் பை இருக்கிறது. தீர்த்தப் புட்டியை நிரப்பி வைத்துவிட்டேன்.

பயந்துகொண்டேதான் போவேன். ஆனால் இனிமேல் நான் விட்டதை அள்ளி ஊற்ற எதிரில் யாரும் உட்கார்ந்திருக்கமாட்டார்கள். அதனால் படகில் கண்ணைத் திறந்து வைத்திருப்பேன்.