முதல் தர ஷீட்டைப் பிடித்த கை

அன்புள்ள அத்தானுக்கு,

ஸ்மைலின் எழுதுகிறேன். ஆண்டவர் கிருபையில் ஜெர்மனியில் குளிரைத் தவிர வேறு குறையில்லை. உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது?

நம் குலசேகரம் ரப்பர் கடையிலிருந்து நீங்கள் அனுப்பிய ரப்பர் ஷீட் படங்களை வைத்துக் கம்ப்யூட்டரைத் தரம் பிரிக்கப் பழக்கினேன் அல்லவா? அதில் ஒன்றுகூடத் தப்பவில்லை. ஆனால் தாய்லாந்துப் படங்களைக் கொடுத்ததும் எல்லாமே மட்டம் என்றுவிட்டது. காரணம் தேடினால், நல்ல ஷீட்டை நீங்கள் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தும், மட்டமானதைத் தரையில் போட்டும் படம் எடுத்திருக்கிறீர்கள். அது ஷீட்டை விட்டுவிட்டு உங்கள் கையைப் பார்த்திருக்கிறது; தாய்லாந்துப் படங்களில் கையே இல்லை. கை தெரிகிறதே என்று அன்றே கேட்டேன். "கை தெரிஞ்சா என்னட்டி, ஷீட்டு தெளிவா இருக்கில்லா" என்றீர்கள்.

கையையெல்லாம் வெட்டிவிட்டு மறுபடி பழக்கினேன். இப்போது கண்டே இராத நாட்டு ஷீட்டையும் சரியாகப் பிரிக்கிறது. உள்ளே இருப்பது வெறும் கூட்டலும் பெருக்கலும்தான். பழக்கிய எனக்கே அதிசயமாக இருக்கிறது அத்தான்.

கொஞ்சம் நல்லமிளகு அனுப்புங்கள். இனி ஷீட் படங்களில் கை வேண்டாம். முகம் தெரிய ஒரு படம் மட்டும் தனியே அனுப்புங்கள். வெட்டியெடுத்த கைப்படங்கள் நானூறையும் அழிக்க மனம் வராமல் வைத்திருக்கிறேன்.

பஸ் வந்துவிட்டது, இத்தோடு நிறுத்துகிறேன்.

ஸ்மைலின்