செவுளிலும் நீர்ப்பையிலும் ஒரே புழுதான், மாப்ள

என் அருமை மாப்ளைக்கு,

நீ சொன்னதுதான் சரி. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், இல்லையென்றால் நாலு பக்கம் மழுப்பிவிட்டு நைசாக நழுவிவிடுவேன் என்று உனக்குத் தெரியும்.

கல்லூரியில் விலங்கியல் ஆய்வகத்தில் ஒரே மேசைக்கு வந்த நாளிலிருந்து நாம் போட்ட சண்டைகளில் இது ஒன்றுதான் முடியாமல் நின்றது. தலைப்பிரட்டையின் செவுளில் ஒட்டியிருக்கும் தட்டைப்புழுவும், வளர்ந்த மரத்தவளையின் சிறுநீர்ப்பையில் இருக்கும் தட்டைப்புழுவும் வேறு வேறு இனம் என்றேன் நான். அளவு வேறு, உருவம் வேறு என்று அடுக்கினேன். நீ மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே, "இடம் மாறுனா ஆளும் மாறிருவானா மாப்ள? ரெண்டும் ஒண்ணுதேன்" என்றாய். வேறு நாட்டுத் தவளைகளில் அப்படித்தான் என்று புத்தகத்தைக் காட்டினாய். நம்ம ஊர்த் தவளை அந்தப் புத்தகத்தைப் படித்திருக்கிறதா என்று கேட்டேன். அவ்வளவு கொழுப்பு எனக்கு.

இந்த வருடம் மழை இறங்கிச் சில வாரம் கழித்து மார்க்கையன்கோட்டை வாய்க்கால் ஓரத்தில் ஒரு மரத்தவளையைப் பிடித்து வந்து தொட்டியில் விட்டேன். மரத்தவளைகள் முட்டையிட்ட நுரைக்கூடுகளை வீட்டிலேயே பொரிக்கவிட்டு, புழு ஏறாத தலைப்பிரட்டைகளை ஏற்கெனவே வளர்த்து வைத்திருந்தேன். ஒரு டப்பில் பொரிந்து சில நாளே ஆன பொடிசுகள், இன்னொன்றில் கால் முளைக்கப் போகிறவை. "துணி நனைக்க ஒரு டப்பு இல்ல, இங்கன தவளைக்கு மூணு டப்பு" என்று என் வீட்டில் ஒரே பாட்டு.

மாப்ள, அந்தத் தவளை கோடை முழுக்கச் சுவரிடுக்கில் கிடக்கிறது. அதன் நீர்ப்பைக்குள் ஆறு உறிஞ்சிகளால் பற்றிக்கொண்டு புழுவும் கிடக்கிறது. தவளை முட்டையிடத் தண்ணீருக்கு வரும்போதுதான் இதுவும் முட்டையிடுகிறது. வெளியே மழை பெய்ததை உள்ளே இருட்டில் இருக்கும் அதற்கு யார் சொன்னது? தவளையின் ரத்தத்தில் ஓடும் சுரப்புகள் சேதி சொல்லும் என்கிறார்கள். இருக்கலாம். எனக்கு நினைத்தாலே உடம்பு சிலிர்க்கிறது.

தவளையின் நுரையீரலிலும் குடலிலும் இருக்கும் மற்றத் தட்டைப்புழுக்களுக்குக் குஞ்சுப் பருவத்தில் தங்கி வளர நத்தை வேண்டும், சிலவற்றுக்கு அதற்கு மேல் ஒரு பூச்சியும் வேண்டும். இது வேறு வகுப்பு. தவளையை விட்டால் வேறு யாரும் தேவையில்லை. முதலில் பார்த்தவர்கள் பின்பக்க உறிஞ்சிகளை வாய் என்று நினைத்து, பல வாய் என்ற பொருளில் பாலிஸ்டோமா என்று பெயர் வைத்துவிட்டார்கள். புழு விஷயத்தில் தப்பு செய்தவன் நான் மட்டும் இல்லை என்பதில் ஒரு சின்ன ஆறுதல்.

தொட்டித் தண்ணீரில் விழுந்த புழு முட்டைகளிலிருந்து வந்த குஞ்சுகளை இரண்டு டப்பிலும் பிரித்து விட்டேன். எல்லாம் ஒரே தாயின் குஞ்சுகள். பிறகு தவளையைத் திறந்து பார்த்தபோது உள்ளே ஒரே ஒரு புழுதான் இருந்தது. பொடிசுகளின் செவுளில் ஏறியவை சில வாரத்திலேயே அவசர அவசரமாக வளர்ந்து, அங்கேயே முட்டையிட்டுச் செத்துப்போயின. நான் வேறு இனம் என்று சாதித்தது இவற்றைத்தான். பெரியவற்றின் செவுளில் ஏறியவை அவசரப்படாமல் காத்திருந்தன.

கால் முளைத்துச் செவுள் மூடும் நாளில் லென்ஸை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நூல் முனை அளவு ஒரு புழு, தவளைக்குஞ்சின் வயிற்றுத் தோல் மேல் ஊர்ந்து போய்ப் பின்துளைக்குள் நுழைந்தது. ஒரு தடவைகூட வழி தவறவில்லை. பிறந்ததிலிருந்து அந்தப் பக்கமே போகாத உயிருக்கு அந்த வழி எப்படித் தெரிந்தது? நான் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன். சிரிக்காதே.

போன வருடமே உனக்குக் காட்டியிருக்க வேண்டியது. நீ படுத்த படுக்கையாக இருந்தாய். "ஒரு டப்பா தலைப்பிரட்டை கொண்டா மாப்ள, பாத்துருவோம்" என்றாய். நான் அதே வாய்க்காலில் முழங்கால் தண்ணீரில் நின்றபோது ரோட்டில் மைக் கட்டிய ஆட்டோ போனது. "சூசை காலமாயிட்டாக. சாயந்தரம் நாலு மணிக்கு அடக்கம்." யாரோ பாவம் என்று நினைத்து வலையை மறுபடியும் தண்ணீரில் போட்டேன். போன் வண்டிப் பெட்டிக்குள் கிடந்தது.

சர்ட்டிபிகேட்டில் நீ அன்பரசன். எனக்கு என்றைக்கும் மாப்ள. ஞானஸ்நானத்தில் உனக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று இத்தனை வருடத்தில் ஒரு நாள் கேட்டிருப்பேனா?

பொழுது சாய டப்பாவோடு உன் வீட்டுக்கு வந்தேன். அடக்கம் முடிந்து, வாசலில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். உன் மனைவி என் கையைத்தான் பார்த்தது. "விடியக்காலம் வரைக்கும் உங்களத்தேன் கேட்டாக அண்ணே. மாப்ள தலைப்பிரட்டையோட வருவாப்ல, வந்தா என்னைய எழுப்பி விடுன்னு சொன்னாக" என்றது. 

இரண்டு உருவத்தைப் பார்த்து இரண்டு உயிர் என்றேன். சூசை என்ற உன் இன்னொரு பெயரைக் கேட்டு இன்னொரு ஆள் என்று நினைத்துவிட்டேன். முதல் தப்புக்குப் புழு ஸ்லைடுகளில் பெயர்ச்சீட்டை மாற்றி ஒட்டியாகிவிட்டது. இரண்டாவதை என்ன செய்ய?

அடுத்த மழைக்கும் அந்த வாய்க்காலில்தான் நிற்பேன். ஆட்டோவில் யார் பெயரைச் சொன்னாலும் சரி, கரையேறிப் போய், "அவுகளுக்கு வேற பேரு எதுவும் உண்டா?" என்று கேட்டுவிட்டுத்தான் மறுபடியும் இறங்குவேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
உன் பெயரைக் கேட்காமலே இருந்துவிட்ட
உன் மாப்ள