பாஸ்வேர்டு கேட்காத லேப்டாப்

12 நவம்பர் 2009, வியாழன்

பூண்டியில் கேரட் லோடு ஏற்றிவிட்டு நான் வீடு திரும்ப எப்போதும் இருட்டிவிடும். இன்று மழையால் லோடு இல்லை. நாலு மணிக்கே வந்துவிட்டேன். என் மனைவி மேரி வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் வாத்தியார் ஆரோன் எங்கள் சோபாவில் உட்கார்ந்திருந்தார்.

"சார் இன்னைக்குத்தான் மொத தடவ வர்றாங்க. நெட்டு மெதுவா இருக்குன்னு நான்தான் கூப்பிட்டேன்" என்றாள். நான் ஒன்றும் கேட்கவே இல்லை.

அவர் ரூட்டரைக் காட்டி விளக்கினார். "வெளிய இருந்து பாத்தா வீட்டுக்கே ஒரே அட்ரஸ்தாங்க. உள்ள எந்தக் கம்ப்யூட்டர் என்ன கேட்டுச்சுன்னு இது குறிச்சு வச்சுக்கும். பதில் வந்ததும் கேட்டதுக்கே கரெக்டா குடுத்துரும்."

மேரி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மார்க்கெட் கதை சொல்லும்போது அவள் அப்படிப் பார்த்ததில்லை.

"ஒங்களோடது ஒண்ணு, எங்களோடது ஒண்ணு. மாத்திக் குடுத்துறாதா?" என்று வேண்டுமென்றே மடக்கினேன்.

"மாறவே மாறாதுங்க, பாருங்க" என்று அப்போதுதான் பையிலிருந்து தன் லேப்டாப்பை எடுத்துத் திறந்தார். வெரசாக அவருடைய மெயில் வந்து நின்றது. மேரியின் கம்ப்யூட்டரில் அவள் பார்த்துக்கொண்டிருந்த பக்கம் அப்படியே இருந்தது. நானும் பெரிய மனுஷன் மாதிரி தலையாட்டினேன். டீ குடித்துவிட்டுப் போனார்.

இதை எழுதும்போதுதான் உறைக்கிறது. புதிதாக வரும் எந்தக் கம்ப்யூட்டரிலும் முதல் தடவை எங்கள் வைஃபை பாஸ்வேர்டை அடித்தாக வேண்டும். அவர் எதுவும் அடிக்கவில்லை. மேரியும் சொல்லவில்லை.

அந்த லேப்டாப்புக்கு எங்கள் வீடு ஏற்கெனவே தெரிந்திருந்தது.